மோட்டாரை உங்கள் நிலத்திலேயே அளந்து பாருங்கள்
கடலூர், சிதம்பரம் வட்டாரப் பம்புசெட் விவசாயிகளுக்கு ஒரு திறந்த மடல்



பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் பக்கம் ஆழ்துளைக் கிணற்றில் நீர்மூழ்கி மோட்டார் இறக்கியிருப்பவர்களுக்கும், சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பக்கம் கரையில் மோட்டார் வைத்து ஃபில்டர் பாயிண்டில் தண்ணீர் இறைப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றுதான். புது மோட்டார் வாங்குவதற்கு முன்னும், மானியத்துக்கோ சூரியசக்தி பம்புக்கோ மனுப் போடுவதற்கு முன்னும், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு தண்ணீரை எவ்வளவு ஆழத்திலிருந்து தூக்கித் தருகிறது என்று உங்கள் நிலத்திலேயே அளந்து பாருங்கள். அதையும் ஒரு தடவையோடு விட்டுவிட வேண்டாம். தண்ணீர் மேலேறி நிற்கும் தை மாதத்தில் ஒருமுறை, கீழே இறங்கிவிடும் வைகாசியில் ஒருமுறை என ஆண்டுக்கு இரண்டு தடவையாவது அளந்து எழுதி வையுங்கள். அந்த நோட்டுப் புத்தகம் உங்களிடமே இருக்கட்டும்.

பெயர்ப்பலகையில் திறன் அச்சடித்திருக்கிறதே, நட்சத்திரமும் ஒட்டியிருக்கிறதே, பிறகு எதற்கு அளக்க வேண்டும் என்று கேட்கலாம். அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது சோதனைக்கூடத்தில் பிறந்த எண். விவசாயப் பம்புகளைச் சோதித்து ஏற்பதற்கு ஐ.எஸ். 11346 என்ற இந்தியத் தரவிதி இருக்கிறது. உலக அளவில் ஐ.எஸ்.ஓ. 9906 இருக்கிறது. இரண்டிலும் பம்பு தெளிந்த தண்ணீரில், குறித்த மின்னழுத்தத்தில், தயாரிப்பாளர் அறிவித்த உயரத்திலும் நீரளவிலும் ஓட்டிப் பார்க்கப்படுகிறது. எரிசக்தித் திறன் அமைப்பின் நட்சத்திரக் குறியும் அப்படித்தான்: இந்தியத் தரவிதி கேட்கும் குறைந்தபட்சத் திறனைவிட அந்தப் பம்பு எவ்வளவு மேலே நிற்கிறது என்பதையே அது சொல்கிறது. முப்பது மீட்டர் உயரத்துக்கு நட்சத்திரம் வாங்கிய பம்பை ஐம்பது மீட்டர் ஆழத்தில் இறக்கினால் அந்த நட்சத்திரத்துக்கு அங்கே வேலை இல்லை. திறன் என்பது பம்புக்குள் மட்டும் இருக்கும் குணமல்ல. கிணறு, குழாய், மின்கம்பி, பருவம் இத்தனையும் பம்போடு சேரும் இடத்தில்தான் அது உருவாகிறது. ஆகவே அந்த இடத்தில்தான் அதை அளக்கவும் முடியும்.

இந்த மாவட்டத்தில் அந்தச் சேர்க்கை ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. 2015 நவம்பர், டிசம்பரில் கடலூர் வெள்ளத்தில் மூழ்கியது. அடுத்த ஆண்டே, 2016-இல், வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதற்குமாக 62 விழுக்காடு குறைந்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. வெள்ளத்துக்குப் பின் வந்த தையில் இறைத்த அதே மோட்டார்தான் 2017 கோடையிலும் இறைத்தது. இரண்டு கோடிகளுக்கும் பொருந்தும் ஒற்றைத் திறன் எண் அதற்கு இருந்திருக்க முடியாது. நெய்வேலிப் பக்கத்து நிலத்தடியின் கதை தனி. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்தும் ஊற்றுநீர் இருந்தது, அதாவது ஏறத்தாழ 60 முதல் 80 மீட்டர் நீர்நிரலின் அழுத்தம். அதைக் குறைக்காமல் சுரங்கம் தோண்ட முடியாது என்பதால் இரவும் பகலும் இறைக்கிறார்கள். சுற்றுவட்டார ஆழ்துளைக் கிணறுகளில் நீர்மட்டத்தை மழை மட்டும் முடிவு செய்வதில்லை என்பதை அங்குள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சிதம்பரம் பக்கம் நிலைமை வேறு. கொள்ளிடத்தில் தண்ணீர் வந்து, வடவாறு வழியாக வீராணம் நிரம்பி, வாய்க்கால் ஓடினால் மேல்மட்ட நீர் ஏறிவிடும். வாய்க்கால் வறண்டால் இறங்கிவிடும். கரையில் வைத்த பம்பு காற்றழுத்தத்தை நம்பித்தான் உறிஞ்சுகிறது. கொள்கையளவில் அது பத்து மீட்டர். நடைமுறையில் ஏழு மீட்டரைத் தாண்டினாலே திணறும். அங்கே ஐந்தாறு அடி இறக்கம்கூடத் திறனைக் கவிழ்த்துவிடும்.

மாறாத நிலையில் ஓடும் பம்புகளும் இதே மாவட்டத்தில் இருக்கின்றன. 2004 முதல் வீராணத்துத் தண்ணீர் சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்றப்பட்டு, அங்கிருந்து கடம்புலியூர் வரை இறைக்கப்படுகிறது. அதற்கு மேல் போரூர் வரை புவியீர்ப்பிலேயே ஓடுகிறது. ஏரியின் மட்டம் சில அடிகள் ஏறி இறங்கினாலும் பம்பு தூக்க வேண்டிய மொத்த உயரத்தில் அது சிறு பங்குதான். வடிவமைத்தவர்களுக்கு ஒரே புள்ளியில் பம்பைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. உங்கள் ஆழ்துளைக் கிணற்றில் அந்த வசதி இல்லை. அங்கே மட்டம் ஓராண்டுக்குள் பல பத்து அடிகள் நகரலாம். அந்தக் குடிநீர்ப் பம்புகளுக்குப் போதுமான ஒற்றை எண் உங்களுக்குப் போதாததன் காரணம் இதுதான்.

இனி கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் வாதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் உயர்த்த இயற்கை கேட்பது 2.725 வாட்-மணி. அதற்குக் கீழே எந்தப் பம்பாலும் போக முடியாது. நொடிக்கு எத்தனை லிட்டர் வருகிறது, எத்தனை மீட்டர் தூக்குகிறது என்ற இரண்டையும் பெருக்கி 9.81-ஆல் பெருக்கினால் தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்த திறன் வாட்டில் கிடைக்கும். அதை மோட்டார் இழுக்கும் வாட்டால் வகுத்தால் மொத்தச் செயல்திறன். கணக்குக்காக ஓர் ஐந்து குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டாரை எடுத்துக்கொள்வோம். தையில் ஓடும்போது நீர்மட்டம் 20 மீட்டரில், நொடிக்கு 9 லிட்டர் வருகிறது, 4.6 கிலோவாட் இழுக்கிறது. திறன் 38 விழுக்காடு. சித்திரையில் மட்டம் 38 மீட்டர், நீர் 5.5 லிட்டர், மின்சாரம் 4.4 கிலோவாட். திறன் 47 விழுக்காடு. பார்த்தால் சித்திரையில் பம்பு நன்றாக உழைப்பது போலத் தெரியும். ஆனால் ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட் என்று கேளுங்கள்: தையில் 0.14, சித்திரையில் 0.22. விழுக்காடு ஏறியது, தண்ணீரின் விலையும் ஏறியது. இரண்டும் உண்மை. விழுக்காடு பம்பின் பொருத்தத்தைச் சொல்கிறது; ஆயிரம் லிட்டருக்கான யூனிட் உங்கள் பயிரின் செலவைச் சொல்கிறது. ஒன்றை மட்டும் எழுதி வைத்தால் தவறான முடிவுக்கே போவோம்.

அதே கிணறு வைகாசி கடைசியில் 50 மீட்டருக்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். நீர் நொடிக்கு 2 லிட்டராகச் சுருங்கி, மின்சாரம் 3.9 கிலோவாட்டில் நிற்கிறது. திறன் 25 விழுக்காடு. ஆயிரம் லிட்டருக்கு 0.54 யூனிட். ஓராண்டில் தை நிலையில் 300 மணி, சித்திரை நிலையில் 500 மணி, வைகாசி நிலையில் 400 மணி மோட்டார் ஓடியதாகக் கொண்டால், கடைசி நிலை விழுங்கியது ஆண்டு மின்சாரத்தில் 30 விழுக்காடு. தந்தது ஆண்டுத் தண்ணீரில் 13 விழுக்காடு. தையில் மட்டும் அளந்தவருக்கு இந்தச் செய்தி தெரியவே தெரியாது. சித்திரையில் மட்டும் அளந்தவர் ‘என் மோட்டார் அருமை’ என்று நம்பிவிடுவார். எந்த நிலையில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதையும் சேர்த்துக் குறித்தவருக்குத்தான் எந்த உயரத்துக்குப் பம்பு வாங்க வேண்டும், எத்தனை இம்பெல்லர் வேண்டும் என்று தெரியும். கடைக்காரர் ‘எத்தனை அடி போர்?’ என்று கேட்கும்போது நாம் சொல்வது போட்ட ஆழத்தை. பம்புக்கு அந்த ஆழம் வேண்டியதில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதே அதற்கு வேண்டும். ஓடாதபோது எடுத்த மட்டமும் உதவாது. ஓட ஆரம்பித்ததும் மட்டம் இறங்கும் கிணறுகளே அதிகம்.

உயரத்தை எங்கிருந்து எங்கே அளப்பது என்பதிலும் கவனம் வேண்டும். சோதனைக்கூடத்தில் பம்பின் வாயில் இருக்கும் அழுத்தத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். வயலில் அதே முறையைப் பின்பற்றினால் ஒரு மயக்கம் வரும். குறுகலான டெலிவரிக் குழாய், தேவையற்ற வளைவுகள், பாதி அடைத்த வால்வு இவை உண்டாக்கும் அழுத்தமும் பயனுள்ள வேலையாகக் கணக்கில் ஏறி, பம்பு நல்ல பெயர் வாங்கிவிடும். ஆகவே நீர்மட்டத்திலிருந்து தண்ணீர் விழும் இடம் வரையான நேர் உயரத்தையும் தனியாகக் குறியுங்கள். இரண்டு உயரங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் குழாயில் தொலைந்த மின்சாரம். குஜராத்தில் 1980-களில் எஸ்.எம். பட்டேலும் அவரோடு பணியாற்றியவர்களும் விவசாயப் பம்புகளை வயலில் அளந்து காட்டியது இதைத்தான்: மோட்டாரைத் தொடாமல், உராய்வு மிகுந்த ஃபுட்வால்வையும் குழாயையும் மாற்றியதிலேயே கணிசமான மின்சாரம் மிஞ்சியது. ஃபுட்வால்வுக்கு ஐ.எஸ். 10805 என்ற தரவிதியும் இருக்கிறது. சிதம்பரம் பக்கம் கரையில் மோட்டார் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஃபுட்வால்வையும் குழாயையும்தான். மகாராஷ்டிரத்தின் மங்கள்வேடா வட்டாரத்தில் எரிசக்தித் திறன் அமைப்பு ஆயிரக்கணக்கான விவசாயப் பம்புகளை எடுத்து ஆராய்ந்தபோது அவற்றின் சராசரித் திறன் 30 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. அந்த எண் நம் ஊருக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அளந்த பிறகே அங்கே அது தெரியவந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

மின்சாரத்தின் பக்கமும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. ஒரு காலத்தில் அதிர்வெண்ணும் ஆடியது. 2013 டிசம்பர் 31-இல் தென்மண்டல மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு இணைந்த பிறகு அது 50 ஹெர்ட்சை ஒட்டியே நிற்கிறது. அந்தக் கவலையை விட்டுவிடலாம். மின்னழுத்தம் அப்படி இல்லை. டிரான்ஸ்பார்மருக்கு அருகில் இருப்பவருக்கும் கம்பியின் கடைசியில் இருப்பவருக்கும் கிடைப்பது ஒன்றல்ல. மும்முனை மின்சாரம் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட மோட்டார்கள் எல்லாம் ஒரே நொடியில் எழுந்தால் அழுத்தம் விழுந்து, ஆம்பியர் ஏறி, காயில் சூடாகிறது. ஆகவே எந்த நேரத்தில், எத்தனை வோல்ட்டில் அளந்தோம் என்பதையும் எழுத வேண்டும். ஆம்பியரை மட்டும் கிளாம்ப் மீட்டரில் பார்த்து மின்செலவைத் தீர்மானிக்கக்கூடாது. கெப்பாசிட்டர் மாட்டினால் கம்பியில் ஆம்பியர் குறையும், மின்கம்பிக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் அது நல்லது. ஆனால் பம்பு தண்ணீர் தூக்கும் திறன் அதனால் மாறிவிடுவதில்லை. கிலோவாட் காட்டும் கருவிதான் வேண்டும்.

இலவச மின்சாரம்தானே, நமக்கென்ன என்பது எதிர்வாதங்களில் முதலாவது. 1990 முதல் தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பது உண்மை. ஆனால் பற்றாக்குறையாக இருப்பது மும்முனை மின்சாரம் கிடைக்கும் மணி நேரமும் கிணற்றுத் தண்ணீரும்; இவை இரண்டும் இலவசமல்ல. மட்டமான பம்பு ஓர் ஏக்கர் பாய்ச்ச எடுக்கும் நேரத்தில் பொருத்தமான பம்பு ஒன்றரை ஏக்கர் பாய்ச்சினால் கோடைக் கரும்புக்கும் நெல்லுக்கும் அது உயிர்ப்பிரச்சினை. எரிந்துபோன காயிலைக் கட்டும் கூலியையும் மோட்டாரைத் தூக்கி இறக்கும் கூலியையும் உங்களைத் தவிர வேறு யாரும் கொடுப்பதில்லை.

அளப்பது மீட்டருக்கு வழிவிடும், மீட்டர் கட்டணத்துக்கு வழிவிடும் என்பது அடுத்தது. இதை நான் அலட்சியமாகப் பார்க்கவில்லை. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970 ஜூன் 19-இல் பெருமாநல்லூரில் போராடிய மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் இயக்கம் அந்தக் கோபத்தில் வளர்ந்தது. அந்த அச்சத்துக்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். விவசாய இணைப்புகள் எவ்வளவு மின்சாரம் எடுக்கின்றன என்பது மீட்டர் இல்லாததால் பெரும்பாலும் மதிப்பீடாகவே கணக்கில் எழுதப்படுகிறது. அளக்கப்படாத பயன்பாடு என்ற பெட்டிக்குள் கம்பியில் ஏற்படும் இழப்பையும் திருட்டையும் போட்டு மூடிவிட முடியும் என்று நாட்டின் பல மாநிலங்களில் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். உங்கள் கணக்கை நீங்கள் எழுதாவிட்டால் உங்கள் பெயரில் வேறொருவர் எழுதுவார். நான் கேட்பது கம்பத்தில் நிரந்தரமாக மாட்டும் மீட்டரை அல்ல. ஒரு மணி நேரம் மாட்டிக் கழற்றும் கையடக்கக் கருவியை. அதன் எண்கள் விவசாயியின் நோட்டில் மட்டும் ஏறட்டும். டிரான்ஸ்பார்மரின் கடைசியில் மின்னழுத்தம் போதவில்லை என்று மின்வாரியத்திடம் முறையிடும்போது, இருபது பேரின் நோட்டில் தேதியோடு பதிவான வோல்ட் அளவைவிட வலுவான சாட்சி வேறெது?

இன்னொரு மறுப்பு எல்லாவற்றிலும் கனமானது. திறன் மிகுந்த பம்பு அதே நேரத்தில் அதிகத் தண்ணீரை உறிஞ்சும், நீர்மட்டம் இன்னும் வேகமாக இறங்கும் என்பது அது. உண்மைதான், மறுக்க மாட்டேன். கடலோரப் பகுதியில் அளவு மீறி இறைத்தால் உப்புநீர் உள்ளே வரும் ஆபத்தும் இருக்கிறது. ஆனால் இது அளப்பதற்கு எதிரான வாதமாகாது. மட்டத்தைக் குறித்துவைக்காமல் மோட்டாரை மாற்றுவதற்கு எதிரான வாதம் அது. பழைய பம்பு தந்த அதே லிட்டரைக் குறைந்த குதிரைத்திறனில் தரும் பம்பைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்குப் பழைய லிட்டர் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டு இன்ச் தண்ணீர், மூன்று இன்ச் தண்ணீர் என்று குழாயின் விட்டத்தைச் சொல்லிப் பழகிவிட்டோம். அது நொடிக்கு எத்தனை லிட்டர் என்பதற்குப் பதிலாகாது.

சூரியசக்தி பம்புக்கு மின்சாரச் செலவே இல்லை, திறன் எதற்கு என்றும் கேட்கப்படும். 2019-இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் கீழ் இந்தப் பம்புகள் பரவுகின்றன; நல்லதுதான். ஆனால் வெவ்வேறு நிலைகளில் அளந்தே தீர வேண்டிய பம்பு என்றால் முதலில் இதுதான். வெயில் ஏறி இறங்க மோட்டாரின் வேகமும் ஏறி இறங்கும். நீரளவு வேகத்துக்கு ஏற்பவும், பம்பு எட்டும் உயரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் மாறும். முழு வேகத்தில் 45 மீட்டர் வரை எட்டக்கூடிய பம்பை 30 மீட்டர் மட்டமுள்ள கிணற்றில் இறக்கினால், வேகம் 82 விழுக்காட்டுக்குக் கீழே போனதும் ஒரு சொட்டும் மேலே வராது. மோட்டார் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். காலையும் மாலையும் தட்டின் மேல் விழும் வெயில் அங்கே வீண். இதனால்தான் மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் இந்தப் பம்புகளுக்கு ஒரு நாள் முழுவதும் குறித்த உயரத்தில் எத்தனை லிட்டர் என்று அளவுகோல் வைத்தது. நாள் முழுதும் மாறும் நிலைக்கு நாள் முழுதும் அளக்கும் அந்த முறை சரியானது. ஆண்டு முழுதும் மாறும் கிணற்றுக்கு நாமும் அதையே செய்ய வேண்டும்.

செய்யும் வழி கடினமில்லை, இரண்டு இடங்களைத் தவிர. நீரளவுக்கு இருநூறு லிட்டர் பீப்பாயும் கைப்பேசிக் கடிகாரமும் சிறிய மோட்டாருக்குப் போதும். பெரியதற்கு வாய்க்காலில் 90 பாகை வெட்டுள்ள தகட்டை வைத்து, தகட்டுக்குச் சற்று முன்னால் தேங்கும் நீர் வெட்டின் அடிமுனைக்கு மேல் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளக்கலாம். 15 சென்டிமீட்டர் நின்றால் நொடிக்கு ஏறத்தாழ 12 லிட்டர். அந்த உயரத்தில் ஒரு விழுக்காடு பிசகினால் நீரளவில் இரண்டரை விழுக்காடு பிசகும், ஆகவே நிதானமாக அளக்க வேண்டும். முதல் சிக்கல், நீர்மூழ்கி மோட்டார் இறக்கிய குழாய்க்குள் மட்டம் பார்க்கும் கம்பியை விட்டால் கேபிளில் மாட்டிக்கொள்ளும். அடுத்த முறை மோட்டாரை வெளியே எடுக்கும்போது, குழாயோடு சேர்த்து அரை இன்ச் பிளாஸ்டிக் குழாய் ஒன்றையும் கட்டி இறக்கிவிடுங்கள். பிறகு எப்போது வேண்டுமானாலும் அதன் வழியே மட்டம் பார்க்கலாம். இரண்டாவது, கிலோவாட் கருவியும் மட்டம் பார்க்கும் கருவியும் ஒவ்வொருவரும் வாங்கும் பொருளல்ல. ஒரு டிரான்ஸ்பார்மருக்கு ஒரு குழு போதும். மின்கட்டணம் கட்டிக் குடிநீர்ப் பம்பை ஓட்டும் 683 ஊராட்சிகள் கடலூர் மாவட்டத்தில் இருக்கின்றன. அவற்றுக்கும் இதே கருவிகள் தேவை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பொறியியலும் வேளாண்மையும் ஒரே வளாகத்தில் கற்பிக்கிறது. இறுதியாண்டு மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள செய்முறை என்ன கொடுத்துவிட முடியும்? மின்னிணைப்புப் பெட்டிக்குள் கை வைப்பதை மட்டும் பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள்.

உங்கள் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக வையுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறையின் வட்டார அலுவலகத்திடமும் பல்கலைக்கழகத்திடமும் கருவிகளுக்கும் மாணவர்களுக்கும் எழுதிக் கேளுங்கள். வரும் வைகாசியில், தண்ணீர் மிகக் கீழே நிற்கும்போது, ஒரு டிரான்ஸ்பார்மரில் உள்ள எல்லா மோட்டார்களையும் அளந்துவிடுங்கள். தையில் அதே மோட்டார்களைத் திரும்ப அளந்து பாருங்கள். அதுவரை புது மோட்டாருக்குப் பணம் கட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.